சித்திரகவியும் உருவில் அடைத்த எழுத்தும்

கணினி அச்சுக்கலையிற் புகுந்தபின், எழுத்துகளை வேண்டிய உருவினுள் அமைத்தல் எளிதாயிற்று. 1987-இல் வெளிவந்த அடோபி இல்லஸ்டிரேட்டர் முதலாய வரைகலை மென்பொருள்கள் இதற்கு இருவழி வகுத்துள்ளன. வரைந்த புறக்கோட்டின் அகத்தே சொற்களை வரிவரியாக நிரப்புதல் ஒன்று; அக்கோட்டை உறையெனக் கொண்டு எழுத்தின் வடிவையே அதற்கேற்ப வளைத்தல் மற்றொன்று. இவ்வாறு அமைந்த தேரையும் பாம்பையும் கண்டு, பழைய சித்திரகவியும் இதுவே என்பாருளர். அக்கூற்றுப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தண்டியலங்காரம் சொல்லணியியலில் சித்திரகவி வகைகளைக் கூறுகின்றது. அவற்றுள் கோமூத்திரி என்பது, இரண்டு வரிகளை மேலுங்கீழுமாக எழுதிக் கோணலாக மாறிமாறிப் படிப்பினும் அவ்வரிகளே வருமாறு அமைவது. ஒன்றுவிட்ட இடந்தோறும் இரு வரிக்கும் ஒரே எழுத்து நிற்றலே இதற்குக் காரணம். சுழிகுளம், வரிக்கு எட்டெழுத்தாக நான்கு வரி எழுதிப் புறநின்று சுழன்று உட்செல்லப் படிப்பினும் அச்செய்யுளே ஆவது. நாகபந்தத்தில், பிணைந்த பாம்புகளின் உடல் குறுக்கிடும் அறைகளில் நிற்கும் ஓரெழுத்தே ஈரிடத்தும் படிக்கப்படும்.

இவற்றில் உருவம் செய்யுளை ஆள்கின்றது. குறுக்கிடும் அறையில் ஓரெழுத்தை மாற்றின், அதனைப் பகிர்ந்துகொண்ட மற்றோரிடமும் சிதையும். மென்பொருள் வழியிலோ, முன்னரே முடிந்த தொடர் உருவினுட் புகுத்தப்படுகின்றது. ஒரு சொல்லை நீக்கி வேறொன்று வைப்பினும் உருவம் கெடுவதில்லை. முன்னையது யாப்பின் தொழில். பின்னையது அச்சின் தொழில். இரண்டும் கண்ணுக்கு ஒத்துத் தோன்றலாம், இலக்கணத்தால் ஒவ்வா.

இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தல் பதிப்புக்கு ஊறு விளைக்கும். நாகபந்தச் செய்யுளைப் பாம்புக் கோட்டினுள் தொடர்ச்சியாக நிரப்பின், பொதுவெழுத்துகள் இருமுறை அச்சேறும், பிணைப்பு மறையும், சித்திரகவி என்னும் பெயரே எஞ்சும். உறைவழியில் எழுத்தை நெருக்கினால், எகரத்தையும் ஏகாரத்தையும் பிரிக்கும் கீழ்க்கோடு தேயும், புள்ளி மறையும், காலும் ரகரமும் மயங்கும். மேலும், 'கெ' என்பது நமக்கு ஓரெழுத்து. யூனிகோடு அதனைக் ககரமும் கொம்பும் ஆகிய இரு குறிகளாகச் சேமிக்கின்றது. அக்குறிகளை எண்ணி அறை பகுப்பின் கணக்குப் பிழைபடும்.

ஆயின், மென்பொருளை விலக்குக என்பது எம் கருத்தன்று. முதலில் அறைகளை வரைந்து, ஓரறைக்கு ஓரெழுத்தாக, வளைக்காமல் நிறுத்துக. படிக்கும் நெறியை அம்புக்குறியாற் காட்டுக. செய்யுளின் நேர்வடிவத்தை அருகே தருக. அந்நெறியில் அக்கருவி ஏட்டினும் தெளிவான படம் தரவல்லது.

மிறைக்கவி எனப்படும் இவ்வகை பொருட்சுவை குன்றிய சொல்விளையாட்டே என்பார் கூற்றும் ஆராயத்தக்கதே. சில செய்யுட்களுக்கு அது பொருந்தவுங்கூடும். எனினும், எவ்வெழுத்து எவ்வறையில் நின்று எத்தனை முறை பயன்பட்டது என்பதைக் காட்டாத பதிப்பை வைத்துக்கொண்டு அம்முடிவுக்கு வருதல் முறையன்று. திருந்திய படத்தோடு கூடிய பதிப்பே இவ்வாராய்ச்சிக்கு முதற்றேவை என்பது எம் துணிபு.