மின்சிகரெட்டுக்கு முழுத் தடை, ஒத்தை சிகரெட்டுக்கு மௌனம்

2019-ல் வந்த மின்சிகரெட் தடைச் சட்டம் ரொம்பச் சின்னது. ஒரு டீ ஆறுவதற்குள் படித்து முடித்துவிடலாம். அதைத் தனியாகப் படித்தால் கச்சிதமாக இருக்கும். 2003-ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தை (சுருக்கமாக 'கோட்பா' என்பார்கள்) பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் இடிக்கிறது. இரண்டையும் இயற்றியது ஒரே நாடாளுமன்றம், இரண்டும் நிகோடின் சம்பந்தப்பட்டவை. ஆனால் படித்தால் வேறு வேறு நாட்டுச் சட்டங்கள் மாதிரி இருக்கின்றன.

எனக்குத் தொழில் மென்பொருள், சட்டம் படித்தவன் இல்லை. ஆனா ஒரு சட்டத்தின் வரையறைப் பகுதியைப் படிக்கிறதும், அடுத்தவர் எழுதிவிட்டுப் போன கோடைப் படிக்கிறதும் ஏறக்குறைய ஒரே வேலைதான். எது உள்ளே வருது, எது வெளியே போகுது, எந்த ஓட்டையை யோசித்து அடைத்திருக்காங்க, எதைக் கண்டும் காணாமல் விட்டிருக்காங்க என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் 2019 சட்டத்தின் வரையறை கெட்டிக்காரர்கள் எழுதியது. ஒரு பொருளைச் சூடாக்கி, உள்ளே இழுக்கக்கூடிய ஆவியை உண்டாக்கும் மின்கருவி எதுவானாலும் அது மின்சிகரெட். நிகோடின் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. பேரை மாற்றினாலும் வடிவத்தை மாற்றினாலும் தப்பிக்க முடியாது. எரிக்காமல் சூடாக்கும் புகையிலைக் கருவிகளும் மின்-ஹூக்காவும் பேர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தின் கீழ் உரிமம் வாங்கிய பொருளுக்கு மட்டும்தான் விலக்கு. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுபோவது, விற்பது, விளம்பரம் எல்லாவற்றுக்கும் தடை. முதல் தடவை மாட்டினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். இருப்பு வைத்திருந்தாலே ஆறு மாதம் வரை உள்ளே போகலாம். இழுப்பவரைத் தண்டிக்கும் பிரிவு மட்டும் இல்லை.

இப்போ கோட்பாவுக்கு வாங்க. அங்கே எல்லாம் அளவுக் கணக்கு. 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது. கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது. பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். பாக்கெட்டில் எச்சரிக்கைப் படம், இப்போதைய விதிப்படி 85 சதவீதப் பரப்பில். அதாவது சிகரெட் இருக்கலாம், விற்கலாம், எங்கே, யாருக்கு, எவ்வளவு பெரிய படத்தோடு என்பதுதான் கேள்வி.

எது அதிக ஆபத்து என்பதை வைத்து இந்த வித்தியாசம் வந்ததாகத் தெரியவில்லை. 2016-17-ல் நடந்த உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயதுவந்தோரில் 28.6 சதவீதம் பேர், கிட்டத்தட்ட 26.7 கோடி பேர், ஏதோ ஒரு வடிவத்தில் புகையிலை பயன்படுத்தினார்கள். பீடி 7.7 சதவீதம், சிகரெட் 4 சதவீதம். மின்சிகரெட்? 0.02 சதவீதம். கணக்குப் போட்டால் நாடு முழுக்க ஏறக்குறைய 2 லட்சம் பேர்.

மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது உறுப்பினர்களும் இதைத்தான் கேட்டார்கள்: சிகரெட்டை ஏன் விட்டுவிட்டீர்கள்? அன்றைய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன் காது மூக்கு தொண்டை மருத்துவர், புகையிலை என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர் சொன்ன பதிலின் சாரம்: இவ்வளவு பெரிய நாட்டில் ஒரு பொருளுக்குப் பெரிய வாடிக்கையாளர் கூட்டமும் சமூக அங்கீகாரமும் வந்துவிட்டால் அதைத் தடை செய்வது மிகக் கடினம்.

அந்த விவாதத்திலேயே நேர்மையான வாக்கியம் இதுதான் என்பது என் எண்ணம். மழுப்பல் இல்லை. ஆனால் இதை ஒத்துக்கொண்டால், தடை என்ற ஆயுதம் சின்ன எதிரிக்கு மட்டும்தான் என்றும் ஒத்துக்கொள்ள வேண்டும். அப்போ பெரிய எதிரிக்கு என்ன ஆயுதம்? அந்தக் கேள்விக்குச் சட்டத்திலும் பதில் இல்லை, விவாதத்திலும் இல்லை.

வேப் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்க இதை எழுதலை. அரசின் பயத்தில் நியாயம் உண்டு. அமெரிக்காவில் 2019-ல் எடுத்த கணக்கெடுப்பில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் மின்சிகரெட் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். மாம்பழ வாசனையில் நிகோடின் விற்கிறவன் நாற்பது வயதுச் சங்கிலிப் புகைப்பாளரை மட்டுமா குறி வைத்திருப்பான்? இன்னொரு பக்கம், அவசரச் சட்டம் வந்த செப்டம்பர் 2019-ல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்கள் நுரையீரல் பாதிப்போடு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். செய்தியெல்லாம் அதுதான். பெரும்பாலான கேஸ்களில் குற்றவாளி கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட் என்று அந்த நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் நவம்பரில்தான் பலமாகச் சுட்டிக்காட்டியது. நம்ம மசோதா மக்களவையில் நிறைவேறியதும் அதே நவம்பரில். அதற்குள் வாதங்களைத் திருத்த யாருக்கும் அவகாசம் இல்லை, அவசியமும் இருந்ததாகத் தெரியவில்லை.

பிரிட்டன் நேரெதிர். அங்கே சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு அரசே மின்சிகரெட் கொடுக்கும் திட்டம் 2023-ல் அறிவிக்கப்பட்டது. பிள்ளைகள் கையில் அது பரவியதும், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் வகையை 2025 ஜூன் முதல் தடை செய்தார்கள். முதலில் ஊக்கம், பிறகு கடிவாளம். நம்ம ஊரில் ஒரே கோடு. எது சரி என்பதில் எனக்கு ஒரு சாய்வு உண்டு: கடையில் வயது கேட்கவே ஆள் இல்லாத நாட்டில் முழுத் தடை மோசமான முடிவு இல்லை. அதனால் என் சண்டை தடையோடு இல்லை, அதன் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் இடத்தோடு.

அந்தக் காலி இடம் ஒத்தை சிகரெட்.

எந்தப் பெட்டிக்கடைக்கும் போய் ஐந்து நிமிஷம் நின்று பாருங்க. முழுப் பாக்கெட் கேட்கிறவர் குறைவு. "அண்ணே, ஒரு கிங்ஸ்" என்று கை நீட்டுவார்கள். கடைக்காரர் டப்பாவிலிருந்து ஒன்றை உருவிக் கொடுப்பார், கயிற்றில் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த 85 சதவீதப் படம் இருந்த பாக்கெட் கடைக்காரர் பக்கமே இருந்துவிட்டது. பார்க்க வேண்டியவர் பார்க்கவே இல்லை.

இந்தப் படத்துக்காக நடந்த சண்டை சாதாரணமானதில்லை. பெரிய படத்துக்கான அறிவிப்பு 2014 அக்டோபரில் வந்தது, அடுத்த ஏப்ரலில் அமலாக வேண்டியது. அதற்குள் நாடாளுமன்றக் குழு ஒன்று, தள்ளிப் போடுங்கள் என்றது. குழுவின் தலைவர் திலீப் காந்தி, புகையிலையால் புற்றுநோய் வரும் என்று காட்டும் இந்திய ஆய்வு எதுவும் இல்லை, எல்லாம் வெளிநாட்டு ஆய்வு என்று 2015-ல் சொன்னார். அதே குழுவில் இருந்த ஷியாமா சரண் குப்தா பெரிய பீடித் தொழிலதிபர். பீடி முதலாளி உட்கார்ந்திருக்கும் குழு பீடிக்கட்டில் படம் எவ்வளவு பெரிசாக இருக்க வேண்டும் என்று ஆலோசனை சொல்கிறது!

இந்திய ஆய்வு இல்லையாம். 2003-ல், கோட்பா வந்த அதே ஆண்டில், லான்செட் இதழில் ஒரு ஆய்வு வந்தது. சென்னையைச் சேர்ந்த நோய்ப்பரவலியல் ஆய்வாளர் கஜலட்சுமி, ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோ முதலானோர் செய்தது. சென்னையிலும் விழுப்புரம் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் வீடுகளுக்குப் போய், அவர் புகைப்பாரா என்று கேட்டு எழுதிய ஆய்வு. இந்திய ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் ஏறக்குறைய பாதிக்குப் புகைப்பழக்கம் காரணம் என்பது அதன் முடிவு. புற்றுநோயையே பேசிக்கொண்டிருக்கும் நமக்கு இது அதிர்ச்சியாக இருக்கணும். விழுப்புரம் வெளிநாட்டில் இல்லை.

படம் ஒருவழியாக 2016 ஏப்ரலில் வந்தது. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. இத்தனை மல்லுக்கட்டி வாங்கிய படம் கடைக்காரரின் டப்பாவுக்குள் கிடக்கிறது.

ஒத்தை விற்பனையைத் தடுக்கும் யோசனை அரசுக்குத் தோன்றாமல் இல்லை. 2014 நவம்பரில் சுகாதார அமைச்சகம் அப்படி ஒரு பரிந்துரையை ஏற்றதாகச் செய்தி வந்தது, அன்றே ஐடிசி பங்கு விலை சரிந்தது. 2015 வரைவுத் திருத்தத்தில் அந்தப் பிரிவு இருந்தது. அந்த வரைவு பிறகு திரும்பப் பெறப்பட்டது. 2020 கடைசியில் மறுபடி வரைவு: வயது 21, ஒத்தை விற்பனைக்குத் தடை. வியாபாரிகளிடமிருந்து எதிர்ப்பு வந்தது. இதை எழுதும்வரை அதுவும் சட்டமாகவில்லை. மின்சிகரெட் தடையை அறிவித்த 2019 செப்டம்பர் 18 அன்று ஐடிசி பங்கு ஏறியது. சட்டங்களைப் பங்குச்சந்தை எப்படிப் படிக்கிறது என்பதற்கு இந்த இரண்டு நாட்களும் போதும். ஐடிசியின் பெரிய பங்குதாரர்களில் ஒருவர் நம்ம எல்ஐசி என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. ஒத்தையில் வாங்குகிறவர் பத்து ரூபாய், இருபது ரூபாய்க்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார், பாக்கெட்டாக வாங்கினால் பத்தையும் ஊதித் தீர்ப்பார் என்று. பழைய புகைப்பாளர் விஷயத்தில் இது உண்மையாக இருக்கலாம். ஆனால் சட்டம் முதலில் யோசிக்க வேண்டியது பதினாறு வயதுப் பையனை. அவன் பையில் முழுப் பாக்கெட்டுக்குக் காசு இருக்காது, ஒன்றுக்கு இருக்கும். மின்சிகரெட்டைத் தடை செய்ய இதே பையனைத்தானே காட்டினார்கள்?

அபராதம் பெட்டிக்கடைக்காரர் தலையில்தான் விழும், கம்பெனி தப்பித்துவிடும் என்பது இன்னொரு வாதம். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. தண்டனைத் தொகையைக் குறைவாக வைக்கலாம் என்பதுதான் இப்போதைக்கு.

தில்லி திருத்தும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. எச்சரிக்கை இல்லாமல் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்று கோட்பாவே சொல்கிறது, ஒத்தை சிகரெட்டில் எச்சரிக்கை ஏது? இந்தத் தர்க்கத்தை வைத்து 2020 செப்டம்பரில் மகாராஷ்டிரா ஒத்தை விற்பனையைத் தடை செய்தது. விற்பனை நின்றுவிடவில்லை, ஆனால் சட்டத்தில் வழி இருக்கிறது என்று காட்டியது. தமிழ்நாட்டுக்கும் இந்த வேலை புதிதில்லை: ஹூக்கா பார்களை மூட 2022-ல் நம்ம சட்டமன்றமே கோட்பாவுக்குத் திருத்தம் கொண்டுவந்தது. குட்காவுக்கு 2013 முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிற தற்காலிகத் தடை. எங்க தொழிலில் இதை ஹாட்ஃபிக்ஸ் என்போம், பத்து வருஷமாக ஓடும் ஹாட்ஃபிக்ஸ். 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இதற்கு ஆணையருக்கு அதிகாரம் இல்லை என்றது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. குட்காவுக்கு இவ்வளவு மெனக்கெடும் மாநிலம் ஒத்தை சிகரெட் பக்கம் திரும்பவே இல்லை.

பீடியை இதில் வேண்டுமென்றே தொடவில்லை. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் சிகரெட்டுக்கு 40 சதவீதம் என்று முடிவு செய்த அதே கூட்டத்தில் பீடி வரியை 28-லிருந்து 18-ஆகக் குறைக்க முடிவெடுத்தது. தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களின் கூலியைப் பேசாமல் அந்த முடிவைத் திட்டுவது சுலபம். கூலிக் கணக்குகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், அது தனிப் பதிவாக வரும்.