பச்சை நிறம் எதற்குச் சாட்சி?

மென்பொருள் உலகில் பிடிடி என்கிற ‘பிஹேவியர் டிரிவன் டெவலப்மெண்ட்’டுக்கு மறுபடியும் நல்ல காலம் பிறந்திருக்கிறது. 2025 ஜூலையில் அமேசான் முன்னோட்டமாக வெளியிட்ட கிரோ, அதே ஆண்டு செப்டம்பரில் கிட்ஹப் வெளியிட்ட ஸ்பெக் கிட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரலாக்கக் கருவிகள் இரண்டுமே ‘முதலில் ஸ்பெக், பிறகு நிரல்’ என்ற முழக்கத்தோடு வந்தன. சொன்ன தேவையைக் கிரோ ஏற்பு நிபந்தனைகளாக எழுதித் தருகிறது. ஸ்பெக் கிட்டின் வார்ப்புருவில் கிவன்–வென்–தென் (இன்ன நிலையில், இன்னது நடந்தால், இன்னது விளைய வேண்டும்) என்ற பழைய வாய்பாடே இருக்கிறது. பிடிடி ஆதரவாளர்கள் இதைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடுகிறார்கள். தேவையைச் சாதாரண மொழியில் எழுதிவிட்டால் போதும், அந்த வாக்கியமே ஆவணம், அதுவே சோதனை என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்தது இப்போது மெய்யாகிவிட்டது என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் தவறு. அந்த இருபது ஆண்டுகளில் பெரிய திட்டங்களில் என்ன நடந்தது என்பதைப் பார்த்தாலே போதும், தவறு எங்கே என்று புரிந்துவிடும்.

பிடிடியின் நல்ல பக்கத்தை யாரும் மறுக்க வேண்டியதில்லை. 2003 இறுதியில் டான் நார்த் ஜேபிஹேவ் கருவியைத் தொடங்கியபோது அவருக்கிருந்த கவலை நியாயமானது. சோதனையை எங்கே தொடங்குவது, எதைச் சோதிப்பது, எதை விடுவது என்று தெரியாமல் புரோகிராமர்கள் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். ‘சோதனை’ என்பதை விட்டு ‘நடத்தை’யைப் பற்றிப் பேசச் சொன்னதும் அந்தத் தடுமாற்றம் குறைந்தது. அடுத்த ஆண்டு, பிசினஸ் அனலிஸ்டான கிறிஸ் மேட்ஸுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய கிவன்–வென்–தென் வடிவம் அந்தப் பேச்சுக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தது.

அந்தப் பேச்சின் பலனுக்கு ஒரு வங்கி உதாரணம் போதும். ‘வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் மூடினால் 1 சதவீதம் அபராதம்’ என்று தேவை ஆவணத்தில் ஒரு வரி இருக்கிறது. ஒருவர் 1 லட்சம் ரூபாயை 3 ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் போட்டுவிட்டு, ஓராண்டிலேயே மூடுகிறார். ஓராண்டு வைப்புக்கான வட்டி 6.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அபராதத்தை 7இல் கழிப்பதா, 6.5இல் கழிப்பதா? கூட்டுவட்டியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் முதல் கணக்கில் 6,000 ரூபாய், இரண்டாவதில் 5,500. பணம் எத்தனை நாள் இருந்ததோ அந்தக் காலத்துக்கான வட்டியிலிருந்து கழிப்பதே நம்மூர் வங்கிகளின் வழக்கம். புரோகிராமருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. வங்கிக்காரர், டெஸ்டர், புரோகிராமர் மூவரும் உட்கார்ந்து எண்களோடு ஓர் உதாரணத்தைப் பேசினால், நிரல் எழுதும் முன்பே இந்தக் கேள்வி எழுந்துவிடும். பிடிடியின் உண்மையான லாபம் இதுதான். கோய்கோ அட்ஜிச் 2011இல் எழுதிய ‘ஸ்பெசிஃபிகேஷன் பை எக்ஸாம்பிள்’ நூல் வலியுறுத்துவதும் இப்படிப் பேசிப் பிடித்த உதாரணங்களைத்தான்.

சிக்கல் பேச்சு முடிந்த பிறகு தொடங்குகிறது.

பேசியதைக் கிவன்–வென்–தென் வாக்கியங்களாக ஃபீச்சர் ஃபைல் என்ற ஏட்டில் எழுதுகிறார்கள். ‘அப்பொழுது அபராதம் கழித்து உரிய வட்டி கணக்கில் வரவு வைக்கப்படுகிறது’ என்பது அதன் கடைசி வரி. குக்கம்பர் என்ற பிடிடி கருவி அந்த வரியை எடுத்து, அதே சொற்களோடு பொருந்தும் ஒரு ஃபங்ஷனைத் தேடுகிறது. அதற்குப் பெயர் ஸ்டெப் டெஃபினிஷன். ஃபங்ஷன் ஓடி, பிழை எதுவும் வரவில்லை என்றால் ரிப்போர்ட்டில் அந்த வரி பச்சையாகிறது. ஃபங்ஷனுக்குள் என்ன எழுதியிருக்கிறது? ‘இப்போதைய இருப்பு, மூடுவதற்கு முன்பிருந்த இருப்பைவிட அதிகமா’ என்று மட்டும் பார்த்திருக்கலாம். 6,000 வந்தாலும் பச்சை, 5,500 வந்தாலும் பச்சை. மூவர் உட்கார்ந்து கண்டுபிடித்த அந்த வேறுபாடு காணாமல் போய்விட்டது. ஆனால் ரிப்போர்ட்டைப் படிப்பவருக்கு ‘உரிய வட்டி வரவு வைக்கப்படுகிறது’ என்ற வாக்கியம் பச்சை நிறத்தில் உறுதி சொல்கிறது.

பிடிடியின் மையக் குறை இந்த இடைவெளிதான். வாக்கியத்தையும் சோதனையையும் இணைப்பது வெறும் எழுத்துப் பொருத்தம். பொருள் பொருந்துகிறதா என்று கருவி பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. ‘உயிருள்ள ஆவணம்’ என்று ஆதரவாளர்கள் சொல்லும்போது, ஓடுகிற ஆவணம் பழசாகாது, பொய் சொல்லாது என்று உத்தரவாதம் தருகிறார்கள். ஓடுவது ஆவணம் அல்ல, அதன் பின்னாலிருக்கும் ஃபங்ஷன். ஆவணம் எத்தனை பொய் சொன்னாலும் ஃபங்ஷன் ஓடிக்கொண்டிருக்கும்.

ஃபீச்சர் ஃபைல்களைச் சீர்செய்யும் முயற்சியே இந்த இடைவெளியை ஆழப்படுத்தியது என்பது குக்கம்பரின் வரலாற்றிலேயே பதிவாகியிருக்கிறது. அஸ்லக் ஹெல்லசோய் 2008இல் அதைத் தொடங்கிய பிறகு, ரெயில்ஸ் என்ற வலைச் சட்டகத்தின் பயனர்களுக்காக ‘வெப் ஸ்டெப்ஸ்’ என்ற ஃபைல் ஒன்று கூடவே வந்தது. ‘மின்னஞ்சல் கட்டத்தில் இன்னதை நிரப்புகிறேன்’, ‘உள்நுழை பொத்தானை அழுத்துகிறேன்’ போன்ற வரிகளுக்கான ஃபங்ஷன்கள் அதில் தயாராக இருந்தன. விளைவாக, ஃபீச்சர் ஃபைல்கள் பொத்தான்களின் பட்டியலாகிவிட்டன. பொத்தானின் பெயர் மாறினால் நூறு சோதனைகள் விழுந்தன. 2011இல் அந்த ஃபைலையே எடுத்துவிட்டார்கள். பொத்தானைச் சொல்லாதே, நோக்கத்தைச் சொல், ‘எப்படி’ என்பதை ஸ்டெப் டெஃபினிஷனுக்குள் தள்ளிவிடு என்பது அதன் பிறகு எல்லோரும் தரும் அறிவுரை. ஃபீச்சர் ஃபைல் படிக்க அழகானது உண்மைதான். ஆனால் விவரம் முழுவதும் ஃபங்ஷனுக்குள் போய்விட்டது. பழைய வரிகள் அசிங்கமாக இருந்தாலும் எதைச் செய்கின்றன என்பதையாவது சொல்லின. ‘உரிய வட்டி’ என்ற அழகான வரி எதையும் சொல்வதில்லை. பாடப்புத்தகப்படி நன்றாக எழுத எழுத, ஆவணம் மறைப்பதும் கூடுகிறது.

எந்தச் சோதனைக்கும் பெயர் ஒன்று, உள்ளடக்கம் வேறு என்று ஆகலாமே, நிரல் மொழியிலேயே சோதனை எழுதும் ஜேயூனிட்டில் மட்டும் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகும். ஆனால் அங்கே பெயரும் உள்ளடக்கமும் ஒரே திரையில், அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. ரிவ்யூ செய்பவர் இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்துவிடுவார். ஜேயூனிட் சோதனையின் பெயரைக் கிளையன்ட் கையெழுத்திடும் ஆவணமாக யாரும் நீட்டுவதும் இல்லை.

உதாரணத்தில் எண்களை எழுதிவிட்டால் சரியாகிவிடும் என்பது இன்னொரு பதில். இதில் ஓரளவு நியாயம் உண்டு. வார்ட் கன்னிங்ஹாம் 2002இல் உருவாக்கிய ஃபிட் கருவியில் உள்ளீடும் எதிர்பார்க்கும் விடையும் அட்டவணையின் கட்டங்களில் இருந்தன. கட்டத்திலிருந்த எண்ணைக் கருவியே ஒப்பிட்டு, அந்தக் கட்டத்தையே பச்சையாகவோ சிவப்பாகவோ காட்டியது. குக்கம்பரில் எண்ணைத் தூக்கி ஃபங்ஷனிடம் கொடுப்பதோடு கருவியின் வேலை முடிந்துவிடுகிறது. வாங்கிய ஃபங்ஷன் அதை ஒப்பிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை.

இடைவெளி இருந்தாலும் வாக்கியத்தைப் படிக்க வணிகத்தரப்பிலிருந்து ஒருவர் வந்தால், என்றாவது ஒருநாள் கேள்வி கேட்பார், குட்டு வெளிப்படும். அவர் வருவதில்லை. ஃபிட் திட்டத்தை ஒருங்கிணைத்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஷோர் 2010இலேயே இதை வெளிப்படையாக எழுதினார். வாடிக்கையாளர் எழுதுவார் என்று நம்பிய உதாரணங்களை அவர்கள் எழுதவில்லை, அந்தச் சுமை டெஸ்டர்களின் தலையில் விழுந்தது, ஆகவே இந்தக் கருவிகளை இனிப் பரிந்துரைப்பதில்லை என்பது அவர் முடிவு. குக்கம்பரை உலகிலேயே அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட கூட்டுழைப்புக் கருவி என்று 2014இல் ஹெல்லசோயே தலைப்பிட்டு எழுத வேண்டியதாயிற்று. கருவியைப் படைத்தவரே இப்படிச் சொன்ன பிறகும், ‘நீங்கள் சரியாகச் செய்யவில்லை’ என்றே ஆதரவாளர்கள் ஒவ்வொரு தோல்விக்கும் பதில் சொல்கிறார்கள். சரியாகச் செய்வது அத்தனை அரிது என்றால், குறை செய்பவரிடம் மட்டும் இருக்க முடியாது.

சென்னையின் ஐடி அலுவலகங்களில் டெஸ்டிங் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிளையன்டின் அனலிஸ்ட் லண்டனிலோ நியூ ஜெர்சியிலோ இருப்பார். நிரல் முடிந்த பிறகு, எக்செலில் கிடக்கும் பழைய டெஸ்ட் கேஸ்களை ஆட்டோமேஷன் குழு ஒவ்வொன்றாகக் கிவன்–வென்–தென் வடிவத்துக்கு மாற்றும். அந்த ஸ்பிரிண்டில் எத்தனை சினாரியோ, அதாவது கிவன்–வென்–தென் உதாரணம், முடிந்தது என்பது ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டில் போகும். மூவர் உட்கார்ந்து பேசும் கூட்டம் ஒன்றுகூட நடந்திருக்காது. பிடிடியில் லாபம் தரும் பகுதியை விட்டுவிட்டு, செலவு வைக்கும் பகுதியை மட்டும் வாங்கிக்கொண்ட நிலை இது. மொழிதான் தடை என்றும் சொல்ல முடியாது. தமிழ் உட்பட எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஃபீச்சர் ஃபைல் எழுதலாம். எந்த மொழியில் எழுதினாலும் படிக்க ஆள் வேண்டும்.

படிக்க ஆளில்லாத அந்த வாக்கிய ஏட்டுக்குத் திட்டம் கொடுக்கும் விலை சிறியதல்ல. ஸ்டெப் டெஃபினிஷன்கள் எந்த ஒரு ஃபீச்சர் ஃபைலுக்கும் உரியவை அல்ல, மொத்தத் திட்டத்துக்கும் பொது. ஒரு குழு ‘வாடிக்கையாளர் உள்நுழைந்திருக்கிறார்’ என்று எழுதும், இன்னொன்று ‘பயனர் லாகின் செய்திருக்கிறார்’ என்று எழுதும், மூன்றாவது ‘செல்லுபடியாகும் பயனர் ஒருவர் உள்ளே இருக்கிறார்’ என்று எழுதும். மூன்றுக்கும் மூன்று ஃபங்ஷன்கள், மூன்றும் சற்றே வேறுவேறு வேலை செய்யும். ஒரு ஸ்டெப்பில் வைத்த மதிப்பை அடுத்த ஸ்டெப் எங்கிருந்தோ எடுத்துக்கொள்ளும். ஆயிரம் சினாரியோ சேர்ந்த பிறகு ஒரு வரியைத் திருத்தினால் எது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பெரும்பாலான சினாரியோக்கள் பிரவுசரைத் திறந்து ஓடுபவை என்பதால் தள்ளாட்டமும் சேர்ந்துகொள்கிறது. நிரலில் மாற்றம் எதுவுமின்றி ஒருமுறை தேறி மறுமுறை தவறும் சோதனைகள் எல்லா வகை ஆட்டோமேஷனிலும் உண்டு. தன் சோதனைகளில் கிட்டத்தட்ட 16 சதவீதத்தில் ஏதோ ஒரு அளவு தள்ளாட்டம் இருப்பதாக 2016இல் கூகுளே எழுதியது. தள்ளாடும் சோதனையை அவசரத்தில் அடக்க எளிய வழி, ‘தென்’ வரியின் ஃபங்ஷனுக்குள் இருக்கும் ஒப்பீட்டைத் தளர்த்துவது. வேறு இடத்தில் தளர்த்தினால் ரிவ்யூவில் தெரியும். இங்கே வாக்கியத்தில் ஓர் எழுத்துகூட மாறாது. ரிலீஸுக்கு முதல்நாள் இரவு ஒரு டெஸ்டர் அதைச் செய்தால் அவரைக் குறை சொல்வதற்கில்லை, வழியைத் திறந்து வைத்தது நடைமுறை.

மாற்று இல்லாமல் இல்லை. லண்டனின் எல்மேக்ஸ் நிதிச் சந்தை, ஏற்புச் சோதனையைப் பெரிய அளவில் கைக்கொண்ட நிறுவனம். மென்பொருள் வல்லுநர் டேவ் ஃபார்லி அங்கே பணியாற்றியபோது அந்தச் சோதனைகளை ஜாவாவிலேயே எழுதினார்கள். ஆர்டர் போடு, விலையைப் பார், இருப்பைச் சரிபார் என்று வர்த்தகச் சொற்களாலான ஃபங்ஷன்கள் ஓர் அடுக்கு, திரையையோ இணைப்பையோ தொடும் வேலை அதற்குக் கீழே தனி அடுக்கு. சோதனையில் எண்கள் வெளிப்படையாக நிற்கும். பெயரை மாற்றினால் கம்பைலர் எல்லா இடத்தையும் காட்டும். வணிகம் தெரிந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக்காட்டவும் முடியும். பேச்சு வேண்டும், உதாரணம் வேண்டும், ஏற்புச் சோதனை வேண்டும், இடையில் ஒரு வாக்கிய ஏடு வேண்டாம் என்பதற்கு எல்மேக்ஸ் நல்ல ஆதாரம்.

இப்போது வந்திருக்கும் அலை அந்த ஏட்டைத்தான் பெருக்குகிறது. செயற்கை நுண்ணறிவு சில நிமிடங்களில் இருநூறு சினாரியோக்களை எழுதித் தரும், அவற்றின் ஸ்டெப் டெஃபினிஷன்களையும் எழுதித் தரும். ‘உரிய வட்டி’ என்ற வரியை எழுதியதும் அதுவே, எது உரியது என்று தீர்மானித்ததும் அதுவே. 7இல் கழிப்பதா 6.5இல் கழிப்பதா என்ற கேள்வியைக் கேட்க அந்த அறையில் யாருமில்லை. முன்பு அலட்சியத்தால் உண்டான இடைவெளி இனி வேலைமுறையின் பகுதியாகிவிடும். இருநூறு பச்சை வரிகளைப் பார்த்த மேலாளர் ரிலீஸுக்குக் கையெழுத்துப் போடுவார். தவறான வட்டி வாடிக்கையாளர் கணக்கில் ஏறும்.

ஆகவே, புதிய பெரிய திட்டத்துக்கு ஃபீச்சர் ஃபைல்களை ஏற்கலாமா என்று யோசிக்கும் குழுத் தலைவர்கள் வேண்டாம் என்று முடிவெடுப்பது நல்லது. மூவர் கூட்டத்தை நடத்துங்கள், உதாரணங்களை எண்களோடு எழுதுங்கள், அவற்றை நிரல் மொழியிலேயே சோதனையாக்குங்கள். ஏற்கெனவே ஆயிரம் சினாரியோக்களோடு இருப்பவர்கள் இந்த வாரமே ஒரு காரியம் செய்யலாம். வணிகத்தரப்பிலிருந்து ஒருவரை அழையுங்கள். பச்சையாக ஓடும் சினாரியோக்களில் பத்தை அவரையே பொறுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் ‘தென்’ ஃபங்ஷனையும் அவர் முன் திறந்து, அது எதை ஒப்பிடுகிறது என்று சொல்லுங்கள். பிறகு நிரலில் வேண்டுமென்றே தவறான விடையை வைத்து ஓட்டிப் பாருங்கள். எவையெல்லாம் அப்போதும் பச்சையாகவே ஓடுகின்றனவோ, அவற்றை அன்றே அழித்துவிடுங்கள்.