ஷோபா: 'இயல்பான நடிப்பு' என்ற பாராட்டில் என்ன குறை?

நடிகை ஷோபாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். 'அவர் நடிக்கவில்லை, வாழ்ந்தார்' என்பது ஒன்று. 'பாவம், 17 வயசுலயே போயிடுச்சு' என்பது இன்னொன்று. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருப் பெரியவர்களிடமும் இதைத்தான் கேட்கிறேன். முதல் வாக்கியம் பாராட்டு மாதிரித் தெரிகிறது. எனக்குச் சண்டை அதனோடுதான்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம். பிறந்தது 1962 செப்டம்பர். மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' வந்தது 1978 ஆகஸ்ட். அப்போது வயது 15. துரையின் 'பசி', பாலுமகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' இரண்டும் 1979. 1980 மே 1-ஆம் தேதி தற்கொலை.

இந்த மூன்று படங்களிலும் வருவது ஒரே பெண்ணா? வள்ளி, அண்ணன் காளியின் நிழலில் வளர்ந்த தங்கை. கல்யாணத்துக்குக் கிளம்பியவள், கூட வந்தவர்களை விட்டுவிட்டு அண்ணனிடமே ஓடி வருகிறாள். அந்த ஓட்டத்தில் பயம், பாசம் இரண்டும் இருக்கிறது. இந்துமதி டீச்சர் நேர் எதிர். மூன்று பையன்கள் ஏங்கிப் பார்க்கும் பெரிய மனுஷி அவர். நடித்த பெண்ணோ அந்தப் பையன்களைவிட சில வயசுதான் மூத்தவர். 'பசி' குப்பம்மா, சென்னைக் குடிசைப்பகுதியில் காகிதம் பொறுக்குகிறவள். மலையாளக் குடும்பத்துப் பெண் அந்த வாழ்க்கையை உடம்பில் ஏற்றிக் காட்டினார். அதற்குத்தான் தேசிய விருது.

மூன்றும் வெவ்வேறு ஆட்கள் என்றால், எதை 'வாழ்ந்தார்'? அவர் செய்தது வேலை. கவனித்து, யோசித்துச் செய்த வேலை. 'இயல்பு' என்று சொன்னதும் அந்த உழைப்பு கணக்கில் வராமல் போய்விடுகிறது.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கு. நடிப்பே வாழ்க்கை என்று முடிவு கட்டிவிட்டால், ஒவ்வொரு படத்திலும் அவர் சாவுக்குத் தடயம் தேட ஆரம்பித்துவிடுவோம். 'உள்கடல்' படத்தில் அவரை இயக்கிய கே.ஜி. ஜார்ஜ், 1983-ல் 'லேகயுடே மரணம் ஒரு ஃப்ளாஷ்பேக்' எடுத்தார். ஷோபாவின் கதையைத் தழுவியது என்று பரவலாகப் பேசப்பட்ட படம். சினிமா உலகத்தைக் கூர்மையாகக் காட்டிய நல்ல படம்தான். ஆனால் தலைப்பிலேயே மரணம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவர் முடிவைத் தெரிந்துகொண்டு படம் பார்ப்பதை நம்மால் தவிர்க்க முடியாது. குறைந்தபட்சம் 'பசி'யைப் பார்க்கும்போது ஷோபாவுக்காக அழாமல் குப்பம்மாவுக்காக அழலாம். அவர் நம்மிடம் கேட்டது அதைத்தான்.