கடைச் சீட்டின் அழகு

சீட்டு ஓவியம் என்றதும் ரசிகர்கள் ராஜாவைத்தான் தேடுகிறார்கள். யானைமேல் அம்பாரியில் அமர்ந்த அரசன், குதிரைமேல் மந்திரி, தேரில் பெருமாள். அந்தச் சீட்டுகளில் வேலைப்பாடு மிகுதி, சந்தேகமில்லை. ஆனால் ஓவியனின் கையை அறிய வேண்டுமென்றால் கட்டின் அடியில் கிடக்கும் கடைச் சீட்டைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். கஞ்சிஃபா என்னும் பழைய வட்டச் சீட்டில் இதைச் சொல்ல இரட்டிப்புக் காரணம் உண்டு.

தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலுக்குள் போய், மண்டபக் கூரையில் தீட்டிய இராமாயண, பாரத ஓவியங்களைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பரப்பு பெரிதாக இருந்தால் கதை தானே ஓடும். ஒரு வில் சற்றுக் கோணினாலும் பக்கத்தில் வரும் படை அதை மறைத்துவிடும். அதே தெய்வங்களை உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டத்தில் வரைய வேண்டி வந்தால்? அந்தக் கலையை வளர்த்த ஊர்களில் ஒன்று அங்கிருந்து தொலைவில் இல்லாத மைசூர். தருமபுரியும் சுற்றுப்புறமும் சேர்ந்த பாராமகால், 1792 வரை மைசூர் ஆட்சியில் இருந்த சீமை. அடுத்த நூற்றாண்டில் மைசூரை ஆண்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் புதுப்புது சீட்டாட்டங்களை வகுத்து ‘ஸ்ரீதத்வநிதி’யில் விவரித்தார். அவர் வகுத்த சாமுண்டேஸ்வரி கட்டில் மட்டும் 320 சீட்டுகள்.

இந்தியாவில் கஞ்சிஃபாவின் வரலாறு அவருக்கும் வெகு முந்தியது. பாபர் 1527இல் சிந்து நாட்டுக்கு ஒரு கட்டு அனுப்பிய செய்தி அவரது நினைவுக் குறிப்பிலேயே உண்டு. பிற்காலத்தில் பரவலான மொகலாயக் கட்டில் எட்டு வகை, வகைக்குப் பன்னிரண்டாக 96 சீட்டு. தசாவதாரக் கட்டில் பத்து வகை, 120 சீட்டு. ஒவ்வொரு வகையிலும் ராஜா ஒன்று, மந்திரி ஒன்று, மிச்சம் ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டுகள். எண் சீட்டுகளில் மீன், ஆமை, கோடரி, அம்பு என்று அந்தந்த அவதாரத்தின் சின்னம் எண்ணிக்கைப்படி நிற்கும். சின்னங்கள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

இனி ஆட்ட விதியின் அழகைப் பாருங்கள். மொகலாயக் கட்டில் வாள் வகையை எடுத்துக்கொண்டால் பத்து உயர்ந்தது, ஒற்றை வாள் கடைசி. பொற்காசு வகையில் எல்லாம் தலைகீழ்: ஒற்றைக் காசு, ராஜாவுக்கும் மந்திரிக்கும் அடுத்த இடத்தில் நிற்கும், பத்துக் காசு கடைசியில் கிடக்கும். பாதி வகைகள் இப்படி, பாதி அப்படி. ஐரோப்பாவின் பழைய டாரக் ஆட்டங்களிலும் கோப்பை, காசு வகைகளுக்கு இதே தலைகீழ் வரிசைதான். ஆக, கட்டில் மிக எளிமையான சீட்டும் கடைச் சீட்டு, மிக நெருக்கமான சீட்டும் கடைச் சீட்டு.

ஓவியனுக்கு இவை இரண்டும் இரண்டு சோதனைகள். ஒற்றையில் ஒளிய இடமில்லை. வட்டத்தின் நடுவில் ஒரே ஒரு வாள். வளைவு நூலளவு பிசகினாலும், நடுவிலிருந்து மயிரிழை விலகினாலும் கண்ணில் குத்தும். சுற்றிலும் கிடக்கும் வெற்று வண்ணப் பரப்பு கறையில்லாமல் ஒரே சீராக இருக்க வேண்டும். சிலர் அந்த வெறுமைக்கு அஞ்சிப் பூவும் கொடியும் இட்டு நிரப்புவார்கள். நல்ல கையோ வெறுமையை விட்டுவைக்கும். பத்தில் சங்கடம் வேறு. பத்துக் காசும் வட்டத்துக்குள் அடங்க வேண்டும், ஒன்றையொன்று இடிக்கக் கூடாது, விரித்துப் பிடித்த கையில் ஆட்டக்காரன் எண்ணாமலே பத்து என்று அறிய வேண்டும். பத்தும் ஒரே அளவு, ஒரே அழுத்தம். முதல் காசில் இருந்த நிதானம் பத்தாவது காசிலும் இருக்கிறதா என்பதில்தான் தொழில் தெரியும்.

வரைவதற்கு முன்னாலும் வேலை இருக்கிறது. ஒடிசாவில் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, சுண்ணப் பூச்சுக் கொடுத்து, காய்ந்தபின் வட்டமாக வெட்டுகிறார்கள். முகத்தில் வகைக்கொரு வண்ணம். முதுகு எல்லாச் சீட்டிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ராஜாவுக்குக் கொடுத்த பூச்சும் மெருகும் கடைச் சீட்டுக்கும் அப்படியே உண்டு. அதில் குறை வைத்தால் முதுகைப் பார்த்தே எதிராளி சீட்டைச் சொல்லிவிடுவான், ஆட்டமே கெடும்.

ஆட்டத்திலும் கடைச் சீட்டுக்குத் தனிக் கண்ணியம் உண்டு. யாழ்ப்பாணத்தார் ஆடும் முன்னூற்று நாலில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏழுக்கும் எட்டுக்கும் சைபர். ஆனால் அந்த ஏழு துருப்பாக அமைந்தால் வேறு வகை ஏஸையும் வெட்டும். அது வேறு வழியில் வந்த பலம். கஞ்சிஃபாவில் துருப்பு கிடையாது. மூன்று பேர் ஆடும் தசாவதார ஆட்டத்தில் ஆளுக்கு 40 சீட்டு. பகலென்றால் ராமர் வகையில் தொடக்கம், இரவென்றால் கிருஷ்ணர் வகையில். தனக்கு மேலுள்ள பதினொன்றும் இறங்கிப் போகும்வரை கடைச் சீட்டு காத்திருக்க வேண்டும். இறங்கியதையெல்லாம் நினைவில் வைத்திருப்பவன் கையில் மட்டுமே அது கடைசியில் வெல்லும். மற்றவன் கையில் அது வெறும் அட்டை. மறதிக்காரனிடம் இருக்கும் ராஜாவைவிட, நினைவாற்றல் உள்ளவனிடம் இருக்கும் கடைச் சீட்டு எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

அச்சடித்த 52 சீட்டு வந்தபின் இந்த ஆட்டம் பெரும்பாலும் ஒடுங்கிவிட்டது. மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடியில் அரச தம்பதியரான சிவராம்ராஜே போன்ஸ்லேயும் சத்வசீலா தேவியும் அரண்மனையிலேயே ஓவியர்களை அமர்த்தி இக்கலையை மீட்டார்கள்; இன்றும் அங்கே கையால் வரைந்து விற்கிறார்கள். ஆனால் வாங்குவோர் கேட்பது பெரும்பாலும் சுவரில் மாட்ட அவதாரச் சீட்டுகளைத்தான். முடிந்தால் முழுக் கட்டாக வாங்குங்கள். முடியாவிட்டால், அவதாரச் சீட்டோடு அதே வகையின் ஒற்றையையும் பத்தையும் கேட்டு வாங்குங்கள். அந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த ஓவியருக்கு நாம் கொடுத்த விலை எவ்வளவு குறைவு என்பது தெரியும்.