நெடுநல்வாடையும் நம் தீவுக் கூதிரும்

நம் சங்கத்தின் ஆண்டுமலருக்கு வரும் மாணவர் கவிதைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக எம்மிடம் இருந்து வருகிறது. அவற்றுள் ஒன்றிலேனும் இலையுதிர் காலம் வாராமல் இருப்பதில்லை. ஐப்பசியில் இலைகள் மஞ்சளாகிச் சிவந்து மண்ணில் உதிர்கின்றன. மனிதனும் அவ்வாறே பழையன உதிர்த்துப் புதியன ஏற்க வேண்டும் என்று கவிதை முடிகிறது. கருத்து நன்று. ஆனால் அதே ஐப்பசியில் சன்னலைத் திறந்து நோக்கினால் நம் தீவில் ஓர் இலையும் நிறம் மாறக் காணோம். வடகிழக்குப் பருவமழையில் தோய்ந்து மரங்களெல்லாம் கரும்பச்சையாய் நிற்கின்றன. நம் தீவுகளுக்கே உரிய படாக் மரம் இலை உதிர்ப்பது மழை ஓய்ந்த மாசி, பங்குனித் திங்கள்களில். கீட்சும் ஷெல்லியும் 1819-ஆம் ஆண்டில் தத்தம் இலையுதிர் காலப் பாடல்களை எழுதியபோது கண்முன் கண்டதை எழுதினர். நம் பிள்ளைகளோ பாடநூலில் கண்டதை எழுதுகின்றனர். பி.ஏ. வகுப்பில் யாமும் அவ்வாறே எழுதிப் பரிசும் பெற்றோம். ஆதலின் குறைகூறும் தகுதி எமக்குச் சற்றுக் குறைவே.

எனினும் வினா ஒன்று எழுகிறது. காலம் மாறுவதைக் கண்டு மனிதன் தானும் மாறுவதைப் பாட, இலை உதிர்ந்தே ஆக வேண்டுமா?

ஐப்பசியும் கார்த்திகையும் தமிழர்க்குக் கூதிர்ப் பருவம். எம் அலுவலகத்து வங்காள நண்பர்க்கு அதற்குச் சற்று முன்னரே வருவது சரத் காலம். துர்க்கா பூசைப் பந்தல் எழும்பியதும், "வானம் தெளிந்துவிட்டது, சரத் வந்துவிட்டது" என்று ஆண்டுதோறும் அவர் அறிவிப்பார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். அவர் தம் ஊர் வானத்தை நினைந்து பேசுகிறார். யாம் எம் ஊர் வாடையை நினைந்து கேட்கிறோம். தலைக்கு மேலே பெய்யும் மழையோ இருவர் கணக்கிலும் அடங்குவதில்லை.

தொல்காப்பியம் முல்லைக்குக் கார்காலத்தையும், குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும், பாலைக்கு வேனிலையும் பின்பனியையும் வகுத்தது. மருதத்துக்கும் நெய்தலுக்கும் சிறுபொழுது மட்டுமே கூறிப் பெரும்பொழுதை விதந்து கூறாது விட்டது. கூறாமையின் ஆறு பருவங்களும் அவற்றுக்கு உரியன என்று உரையாசிரியர்கள் அமைதி கண்டனர். கடற்கரை வாழ்நர்க்கெனத் தனிப் பருவம் ஒதுக்கப்படவில்லை என்னும் இச்செய்தியைத் தீவில் வாழும் நாம் வெறும் இலக்கண விதியாகப் படித்துச் செல்ல இயலவில்லை. தென்மேற்குப் பருவமழை நாட்டில் முதன்முதலாக இறங்குவது இங்கேதான், வைகாசியிலேயே இறங்கிவிடுகிறது. பின்னர் வடகிழக்கு மழையோடு கைகோத்து மார்கழி வரை பெய்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். இதில் கார் எங்கே முடிந்தது, கூதிர் எங்கே தொடங்கியது என்று வரையறுக்க எந்த உரையாசிரியராலும் ஆகாது.

இந்நிலையில் நக்கீரரின் நெடுநல்வாடையைத் தீவிலிருந்து படிப்பது தனி அனுபவம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய இந்த 188 அடிப் பாட்டை உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு 1889-இல் பதிப்பித்தார். போர்க்குச் சென்ற பாண்டியனும் பிரிவால் வாடும் அரசியுமே இதன் பொருள். வேலில் கட்டிய வேப்பந்தழை பாண்டியன் அடையாளம் ஆதலின் இது புறமா அகமா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வழக்காடி வருகின்றனர். அவ்வழக்கில் யாம் புகவில்லை. எம் கவனம் அரசி வருவதற்கு முன்னுள்ள எழுபது அடிகளில். அவற்றைப் பின்னணி வருணனை என்று இரண்டொரு தொடர்களில் முடித்து அரண்மனைக்குள் விரைந்து புகும் ஆய்வாளர் பலர். இது பெரும் பிழை என்பது எம் துணிபு.

பாட்டின் வாயிலில் நிற்பவர் யார்? ஆயர். வெள்ளத்தை வெறுத்த அவர்கள் தம் ஆநிரையை வேறு நிலத்துக்கு ஓட்டிச் செல்கின்றனர். பழகிய நிலம் நீங்கிய தனிமையால் கலங்குகின்றனர். அந்த இடத்தில் நக்கீரர் ஆளும் சொல் "புலம்பெயர்" என்பதாகும். இன்று கடல்கடந்து வாழும் தமிழரைக் குறிக்க நாம் வழங்கும் அதே சொல் ஈராயிரம் ஆண்டுப் பழமையான பாட்டில், மழையில் நனைந்து கன்னம் நடுங்க நிற்கும் மாட்டிடையர் மீது கிடக்கக் கண்டபோது யாம் நூலை மூடிவிட்டுச் சிறிது நேரம் வாளா இருந்தோம். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. குரங்குகள் கூனிக் குறுகுகின்றன. பால் குடிக்க வரும் கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது. குளிருக்கு முன் தாய்மையும் ஒரு கணம் தோற்கிறது. இத்தனை கண்டிப்பாக ஒரு பருவத்தைத் தொடங்கிய புலவர் வேறொருவரை எமக்குத் தெரியாது.

பின்னர் நகருக்குள் வருகிறார். இங்கேதான் பாட்டு வேறாகிறது. கோடையில் தென்றலை உள்ளே விட்ட மேல்மாடத்துச் சன்னற்கதவுகள் தாழிடப்பட்டுள்ளன. கைவல்ல கம்மியன் செய்த விசிறிகள் சுருக்கி முளையில் தொங்கவிடப்பட, அவற்றைச் சிலந்தி நூல் சுற்றியுள்ளது. சந்தனம் அரைக்கும் வட்டக்கல் சந்தனத்தோடு வேலையின்றிக் கிடக்கிறது. மகளிர் மாலை தொடுத்துச் சூடாமல் கூந்தலுக்குச் சில மலர் மட்டும் இட்டு அகிற்புகை ஊட்டுகின்றனர். குறுகிய வாயுள்ள கன்னலில் குளிர்ந்த நீரை எவரும் பருகுவதில்லை. அகன்ற வாயுள்ள தடவில் நெருப்பை மூட்டிச் சூழ்ந்திருக்கின்றனர். குளிரால் குரல் திரிந்த யாழ் நரம்பை ஆடல்மகளிர் தம் உடல் வெம்மையால் தடவிப் பண்ணுக்கு இசைவிக்கின்றனர். கதிரவன் தெரியாமையால் மாலைப் பொழுது வந்ததை எவ்வாறு அறிவது? தட்டில் இட்டுவைத்த பிச்சி அரும்பு மலர்ந்து மணக்கும்போது அறிந்து, இரும்பு விளக்கை ஏற்றி, நெல்லும் மலரும் தூவித் தொழுகின்றனர்.

இவ்வடிகளில் எவரும் மாற்றத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதை அன்பர்கள் நோக்க வேண்டும். எவரும் தம் உள்ளத்துக்கு உபதேசம் செய்துகொள்ளவில்லை. விசிறியை எடுத்து முளையில் மாட்டினர், அவ்வளவே. அதை உடைக்கவுமில்லை; வேனில் மீண்டும் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். மனமாற்றத்தை நக்கீரர் பொருள்களின் இடமாற்றத்தால் காட்டுகிறார் என்போம்.

இதை எமக்கு விளங்க வைத்தவர் எந்த உரையாசிரியரும் அல்லர், எம் அன்னையார். இராமநாதபுரம் மாவட்டத்தில் மழைக்காக வானம் பார்த்தே வாழ்நாளைக் கழித்த அவர், தந்தையார் மறைந்த பின் 2014-இல் மூன்று நாள் கப்பற் பயணம் செய்து எம்மோடு வாழ வந்தார். உடன் ஒரு மண்பானையும் வடகம் பிழியும் உழக்கும் வந்தன. முதல் ஆண்டு முழுவதும் அவர் தீவோடு சண்டையிட்டார். "சொல்லாமக் கொள்ளாமப் பெய்யுது, சொல்லாமக் கொள்ளாம நிக்குது, இதெல்லாம் ஒரு மழையா?" என்பார். சித்திரை முடிய வடகம் பிழிந்து மாடியில் பரப்பினார். வைகாசி மழை மூன்று படி அரிசிமாவையும் கரைத்துச் சென்றது. கார்த்திகையில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுவது அவருக்குப் பெருங்குறை. சென்னைக்குக் கிழக்கே ஏறத்தாழ 12 பாகை தள்ளியிருந்தும் இங்கும் இந்திய நேரமே ஆதலின் பொழுது முன்னரே சாய்கிறது என்று விளக்கினோம். விளக்கம் அவருக்கு உவப்பாக இல்லை. கடிகாரம் ஆறு அடித்த பின்பே விளக்கேற்றுவேன் என்று ஒரு மணி நேரம் இருளில் அமர்ந்திருப்பார்.

மூன்றாம் ஆண்டோ நான்காம் ஆண்டோ, நாள் நினைவில்லை, யாம் அலுவலகத்திலிருந்து ஐந்தேகாலுக்கு வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வடகம் தை மாதத்துக்கு மாறியிருந்தது. மண்பானை பரணுக்குப் போயிருந்தது. திருக்கார்த்திகை அகல்கள் வாசலிலிருந்து சன்னலின் உட்புறத்துக்கு வந்தன. அவர் எதையும் அறிவிக்கவில்லை, யாமும் கேட்கவில்லை. நெடுநல்வாடையின் அந்த எழுபது அடிகள் எம் வீட்டில் நடந்து முடிந்திருந்தன. அன்னையார் 2019 பங்குனியில் மறைந்தார். பானை இன்னும் பரணில் உள்ளது.

மாற்றத்தை ஏலாத உள்ளத்தையும் நம் இலக்கியம் அறியும். குறுந்தொகையில் இரு பாட்டுகள் இதற்குப் போதும். ஓதலாந்தையார் பாடிய 21-ஆம் பாட்டில் தலைவர் வருவதாகச் சொன்ன கார்காலம் வந்துவிட்டது. கொன்றை பூத்துக் காடே பொன்னாக நிற்கிறது. தலைவியோ, காடு கார் என்று சொன்னாலும் யான் நம்பேன், அவர் பொய் கூறார் என்கிறாள். கோவர்த்தனாரின் 66-ஆம் பாட்டில் தோழி முந்திக்கொள்கிறாள்: இக்கொன்றை அறிவற்றது, பருவமல்லாத மழையைக் கார் என்று மயங்கிப் பூத்துவிட்டது என்கிறாள். அன்பின் பொருட்டுச் சொன்ன பொய் இது என்று பாராட்டுவது உரைமரபு, அதில் தவறில்லை. சென்ற ஆண்டு எம் மகளுக்கு இப்பாட்டைச் சொல்லிக் கொடுத்தபோது அவள், "கொன்றை என்ன தப்புப் பண்ணிச்சுப்பா? மழை வந்துச்சு, பூத்துச்சு" என்றாள். அவள் இத்தீவில் பிறந்தவள். ஊர் என்று அவள் சொல்வது இதைத்தான்.

யாம் மறுமொழி சொல்லவில்லை, சொல்லவும் இயலவில்லை. ஏனெனில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோழியின் பொய்யையே யாம் எமக்குச் சொல்லி வந்துள்ளோம். வந்து சேர்ந்த ஆண்டு முதல், "அடுத்த ஐப்பசிக்கு ஊரில் இருப்போம்" என்று தாய்நிலத்துக்கு இடமாற்றம் வேண்டி விண்ணப்பம் எழுதாத ஆண்டில்லை. அலுவலகக் கோப்பில் ஸ்ரீ விஜயபுரம் என்று எழுதுகிறோம். 2024 செப்டம்பரில் பெயர் மாறிவிட்டது. ஊருக்குத் தொலைபேசும்போது வாய் போர்ட் பிளேர் என்றே சொல்கிறது. இது நம்முள் பலர்க்கும் பொது. அலமாரி வாங்கினால் எடுத்துச் செல்ல எளிதா என்று பார்த்து வாங்கும் குடும்பங்கள் இச்சங்கத்திலேயே எத்தனை!

நிலமே மாறுவதையும் நாம் கண்டிருக்கிறோம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதை கூறும். அதற்கு வேனிலின் நீண்ட வெம்மை வேண்டும். 2004 திசம்பர் 26 அன்று சிப்பிகாட் வயல்களுக்கு ஒரு முற்பகலே போதியதாயிற்று. நிலம் தாழ்ந்து கடல் உள்ளே வந்தது. சென்ற நீர் முற்றும் மீளவில்லை. மருதம் நெய்தலாயிற்று. வயலை இழந்தோர் துயரை எந்த உவமையாலும் அழகுபடுத்தக் கூடாது. இலங்கையிலிருந்து திரும்பி வந்து கச்சால் தீவில் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்த நம்மவர், இரண்டாம் முறை புலம்பெயர்ந்ததும் அவ்வலையால்தான். வரப்பு இருந்த இடத்தில் இன்று கொக்கும் நாரையும் நிற்கின்றன. பேருந்தில் அவ்வழி செல்லும் பிள்ளைகள் அவற்றை எண்ணி மகிழ்கின்றனர். முதியோர் மறுபுறம் பார்க்கின்றனர். இருவரையும் நக்கீரர் பாடியிருப்பார் என்று தோன்றுகிறது.

ஏனெனில் அவர் நகரத்தாரோடு நிறுத்தவில்லை. ஊரே விசிறியை மாட்டிவிட்டுக் கூதிர்க்கு இசைந்திருக்க, ஒருத்தி மட்டும் இசையவில்லை. யானைத்தந்தக் கட்டிலில் அணிகலன் களைந்து அமர்ந்து, மேற்கட்டியில் தீட்டிய உரோகிணியையும் மதியையும் நோக்கிப் பெருமூச்செறிகிறாள். செவிலியர் சொல்லும் ஆறுதல் அவள் செவியில் ஏறவில்லை. அதே இரவில் அதே வாடையில் பாசறையில் அரசன் உறங்காது, இளைஞன் ஒருவன் தோளில் கைவைத்து, நழுவும் மேலாடையை இடக்கையால் அணைத்துக்கொண்டு, துவலை குடையில் விழப் புண்பட்ட மறவரைக் கண்டு திரிகிறான். அவளுக்கு நெடியதாகவும் அவனுக்கு நல்லதாகவும் அமைந்த வாடை என்று பெயர்க்குப் பொருள் கூறுவர். அரசியை நக்கீரர் எங்கும் கடிந்துகொள்ளவில்லை. மாறியோர் உயர்ந்தோர், மாறாதவள் தாழ்ந்தவள் என்ற தீர்ப்பு பாட்டில் இல்லவே இல்லை. மாணவர் கவிதைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் அத்தீர்ப்பு வந்து விழும்போதெல்லாம் எமக்கு ஒரு சலிப்புத் தோன்றுவது இதனால்தான்.

இவ்வாண்டும் ஐப்பசியில் இடமாற்ற விண்ணப்பப் படிவம் மேசை மேசையாகச் சுற்றி வந்தது. விரும்பும் ஊர் என்னும் கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு நெடுநேரம் இருந்தோம். வெளியே மழை. அடுத்த மேசைக்காரர் இருமுறை கேட்டுவிட்டார். கட்டத்தை நிரப்பாமலே படிவத்தை அவரிடம் கொடுத்தோம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.