குறவஞ்சியில் இல்லாத ஈ

"குற்றாலத்து இயற்கை முழுசும் குறவஞ்சிக்குள்ள இருக்கு" என்று தென்காசிப் பக்கம் மேடைக்கு மேடை சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. திரிகூடராசப்பக் கவிராயர் ஆண் குரங்குக்கு ஒரு சொல், பெண் குரங்குக்கு ஒரு சொல் என்று பாடுகிறார். பறவைகளோ வரிசைகட்டி வருகின்றன. ஏன்னா சிங்கன் கண்ணி வைக்கிறவன். அவன் பிழைப்புக்கு வேண்டியது பாட்டில் ஏறுகிறது. அந்த அளவில் அது கச்சிதமான நூல்தான். குறை, அதையே உயிரினப் பட்டியலாக்கும் நம்ம ஆட்களிடம்.

மெடிடெரா என்ற ஈயைப் பாருங்க. நீள்கால் ஈக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் மட்டும் உலகெங்கும் 7000க்கு மேல் இனங்கள். இது சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அடிமரத்தில் தலை மேலே இருக்க, முன்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து நிற்கும். மெல்லுடல் பூச்சி ஏதும் கிட்ட வந்தால் கவ்விவிடும். பல இனங்களின் புழுக்கள் பட்டைக்கடியில் கிடந்து, மரத்தைத் துளைக்கும் வண்டுகளின் புழுக்களைத் தின்கின்றன. கூலி வாங்காத காவல்காரன்! 1819லேயே ஐரோப்பாவில் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். நமக்கு இன்னும் வெறும் 'ஈ'தான். நான் இப்போதைக்கு 'அடிமர ஈ' என்று எழுதிக்கொள்கிறேன். இதைவிட நல்ல பெயர் தோன்றினால் சொல்லுங்க.