நான்காம் கூறு

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் பள்ளிகளில் பெரும்பாலும் உணவுநெறியாகவே கற்பிக்கப்படுகிறது. 942 முதல் 947 வரையுள்ள ஆறு குறள்களும் உணவைப் பற்றியனவாதலின் அது இயல்பே. ஆயின் இறுதிக் குறள் நோயாளி, மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என மருத்துவத்தை நான்காக வகுக்கிறது. உழைச்செல்வான் அருகிருந்து பேணுபவன். அவனை மருந்தெடுத்துக் கொடுக்கும் ஏவலனாக மட்டும் காட்டுவது குறளின் ஆழத்தைக் குறைப்பதாகும்.

949ஆம் குறளுரையில் பரிமேலழகர் தீராத நோயையும் ஒரு வகையாக எண்ணுகிறார். அந்நோயின்முன் 'தீர்ப்பான்' என்னும் பெயர் பொருளிழக்கிறது. உழைச்செல்வானின் பணியோ அங்கேதான் முழுமை பெறுகிறது. அவனுக்குரிய இயல்புகளுள் நோயாளியிடத்து அன்புடைமையை உரையாசிரியர் முதலில் வைத்தமை எண்ணத்தக்கது.

இறுதிநிலை நோயாளர்க்கென 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர், பின்னரே மருத்துவர். உடல்வலியோடு மனவலியையும் தணிப்பதே அவர் வகுத்த நெறி. இன்று ஜோகூர் பாருவிலும் நோயாளரை இல்லம் தேடிச் சென்று பேணும் தொண்டு நடைபெறுகிறது. பால்மரத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த முதியவர் தம் கதையைச் சொல்ல, அருகிருந்து ஒருவர் கேட்பாராயின், தம் வாழ்வு வீண்போகவில்லை என்று அவர் உணர்வார்.

தீராத நோய்க்கு வழி யாது என வள்ளுவர் வெளிப்படையாகக் கூறவில்லை. எனினும், நான்காம் கூறாக ஒரு மனிதனை நிறுத்தி அதிகாரத்தை முடித்தார். வகுப்பறையில் அம்மனிதனை விளக்காத பாடம் நிறைவுடையதன்று.